உண்டியலை உடைத்துச் சங்கத்தில் சேர்ந்தவர்

வணக்கம் நேயர்களே. லாபி என்றதும் பெரிய கம்பெனிகளுக்காக எம்.பி.க்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிற கோட்டு சூட்டு ஆட்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் தொழிற்சங்கங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. தோட்டக் கூலிகளுக்காகவும் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகவும் அப்படி வாதாடிய எலிசெயோ மெதினாவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மெக்சிகோவில் பிறந்து, சிறுவயதிலேயே கலிபோர்னியாவின் டெலானோவுக்கு வந்தவர். 1965-இல் அங்கே திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவருக்கு வயது 19. உண்டியலை உடைத்து 10.50 டாலர் சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்தார். அப்புறம் தோட்டத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் அந்தச் சங்கம் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பியது, திராட்சையை யாரும் வாங்காதீர்கள் என்று ஊரைத் திரட்ட. 1996-இல் எஸ்.இ.ஐ.யு. என்கிற பெரிய சேவைத்துறைச் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார்.

குடியேறிகள் விஷயத்தில் சங்கங்களே ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம்தான் நின்றன. குடியேற்ற ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்று 1986-இல் சட்டம் வந்தபோது ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ. என்கிற தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை ஆதரித்தது. நடந்தது என்ன? பாத்திரம் கழுவுகிற ஒருவர் சங்கத்தில் சேரக் கையெழுத்துப் போட்டால் போதும், அதுவரை அவருடைய அடையாள அட்டையை ஏறெடுத்தும் பார்க்காத முதலாளி, "எங்கே உன் பேப்பர்?" என்று கேட்பார். அவர் பயந்து வாயை மூடிக்கொண்டால், பக்கத்தில் நின்று வேலை செய்கிற அமெரிக்கக் குடிமகனின் கூலியும்தானே ஏறாமல் கிடக்கும்? மெதினா போன்றவர்கள் இதைச் சங்கத்துக்குள்ளேயே சொல்லிச் சொல்லி, 2000 பிப்ரவரியில் கூட்டமைப்பின் நிலைப்பாட்டையே மாற்றவைத்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் சாதித்ததில் பெரியது அதுதான், சொந்த ஆட்களைத் திருப்புவது அவ்வளவு கஷ்டம்.

2013 ஜூனில், ஆவணமில்லாத சுமார் 1.1 கோடிப் பேரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமைக்கு வழிவிடும் மசோதாவைச் செனட் 68-32 என்று நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான் பெய்னரோ அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. மெதினா சங்கப் பதவியை விட்டுவிட்டு வந்து, நவம்பர் குளிரில் நாடாளுமன்றம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். 67 வயதில் வெறும் தண்ணீர் குடித்து 22 நாள் உண்ணாவிரதம். ஒபாமாவும் மனைவி மிஷெலும் கூடாரத்துக்கே வந்து பார்த்தார்கள். பெய்னர் அசையவில்லை. மசோதா 2014-ஓடு காலாவதியானது. 1986-இல் போட்ட அந்த முதலாளி தண்டனைச் சட்டம் மட்டும் இன்றும் அமலில் இருக்கிறது.