அவர்கள் ஆரம்பிக்கட்டும்

வணக்கம், நண்பர்களே. வெளியே காற்று பலமாக வீசுகிறது. ஒலி கொஞ்சம் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் புறப்படும் வாலிபர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அங்கே இருக்கும் இளைஞர்களிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேச ஆரம்பிப்பது?" என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் ஆரம்பிக்கட்டும்.

இது கோழைத்தனம் என்று சிலர் கோபப்படுகிறார்கள். 1 பேதுரு 3:15-ஐ எடுத்து வாசியுங்கள். உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். மேடையில் இந்த வசனத்தை முழங்குகிறவர்கள் அந்தச் சாந்தத்தை மட்டும் ஏனோ விழுங்கிவிடுகிறார்கள்.

உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். மாலை வகுப்பு எடுப்பது நீங்கள். சாப்பாடு பரிமாறுவது நீங்கள். சட்டைப்பையில் கடவுச்சீட்டும் திரும்பிப் போக டிக்கெட்டும் வைத்திருப்பதும் நீங்கள்தான். எதிரே இருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு யாரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரியும். "நானும் ஜெபிக்கிறேன், அக்கா" என்று அவன் சொன்னால், அது விசுவாசமா, மரியாதையா, வகுப்பு நின்றுபோய்விடுமோ என்ற பயமா? உங்களால் பிரித்தறிய முடியாது. சில சமயம் அவனாலேயே முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் சமய உரையாடல் துறையும், உலக நற்செய்தி ஐக்கியமும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆவணம், ஏழைகளின் தேவையைக் காட்டி, பணத்தாலோ பொருளாலோ ஆசைகாட்டி நற்செய்தி சொல்வதைத் தெளிவாக நிராகரிக்கிறது. சாதாரணமாக ஒரே மேசையில் உட்காராத மூன்று தரப்பும் இதில் கையெழுத்திட்டிருக்கின்றன! ஆகவே உதவி ஒரு நேரம், வேதாகமம் வேறு நேரம், வேறு இடம். வராதவனுக்கும் அதே வகுப்பு, அதே தட்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினாலோ மாறத் தூண்டினாலோ ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டவரானால் நாடு கடத்தலும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ஆர்வக்கோளாறுக்கு விலை கொடுக்கப்போவது நீங்கள் அல்ல. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களுக்கு இடம் கொடுத்த உள்ளூர்ப் போதகர் நீதிமன்றப் படி ஏறுவார். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் என்றால், சட்டம் எதுவாக இருந்தாலும், பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு ஜெபக்கூட்டமும் வேண்டாம். ஜெபிக்கிற பிள்ளையைப் படமெடுத்துப் போடுவதும் வேண்டாம். காமிராவும் கையுமாக அலைகிற நானே சொல்கிறேன்.

சரி, அவர்கள் கேட்டுவிட்டார்கள். அப்போது?

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். "இங்கே வருவதற்கு உங்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள்: என் சபை கொடுத்தது, இன்னார் கொடுத்தார்கள் என்று. பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "என் பாட்டி இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்துவிட்டாள். இப்போது எங்கே இருக்கிறாள்?" இதற்குச் சபைக்குச் சபை பதில் மாறும். ஆனால் துக்கத்தில் இருப்பவளுக்குக் கோட்பாட்டுப் பாடம் எடுப்பது கொடுமை. ஆதியாகமம் 18-இல் ஆபிரகாம் கடவுளைப் பார்த்தே கேட்கிறார், சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று. அதைச் சொன்னேன். பிறகு பாட்டியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். பாத்திரமெல்லாம் காய்ந்து அடுக்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

கூட்டமாகக் கேட்டால் லூக்கா 15, கெட்ட குமாரன் கதை: தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறான். இதற்கு ஈடாக எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. விளக்கம் சொல்லாதீர்கள், கதையை மட்டும் சொல்லுங்கள். மூத்த மகன் கோபத்தோடு வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவே இல்லை. அங்கே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஊதாரித் தம்பிக்கு விருந்து வைத்தது அநியாயம் என்று பாதிப்பேர் கொதிப்பார்கள். கொதிக்கட்டும். மூத்தவனுக்காக வாதாடுகிறவன்தான் பெரும்பாலும் வீட்டில் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறவன்.

அடுத்து, நீங்கள் கிளம்பப்போகிறீர்கள் என்ற விஷயம். குறுகிய காலப் பயணத்தை நியாயப்படுத்த அப்போஸ்தலர் 8-இல் வரும் ஆதிச் சபை ஊழியர் பிலிப்புவை எல்லோரும் இழுப்பார்கள். எத்தியோப்பிய மந்திரியை வழியில் ஒரே ஒருமுறை சந்தித்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், போய்விட்டார் என்று. ஆனால் அந்த மந்திரி எருசலேமுக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்புகிறவர். பிலிப்பு வருமுன்பே ஏசாயா தீர்க்கதரிசியின் வேதச் சுருள் அவர் கையில் இருந்தது. தேரில் ஏறச் சொன்னதும் அவர்தான். உங்கள் மாணவனிடம் அப்படி எதுவும் இல்லை. கொரிந்துவில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார் என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஆகவே ஒருவன் தொடர்ந்து கேட்கிறான் என்றால், கடைசி வாரம் வரை காத்திராமல், அங்கேயே வாழ்கிற, அவன் மொழி பேசுகிற ஒரு விசுவாசியிடம் அறிமுகப்படுத்துங்கள். பிறகு கொஞ்சம் விலகி நில்லுங்கள். "அடுத்த வருடம் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் கையில் இருந்தால் ஒழிய.

புறப்படுமுன் அனுப்பும் அமைப்பிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அடுத்த காணொளியில் பேசுகிறேன். அது கொஞ்சம் நீளமான பட்டியல், பேனாவோடு வாருங்கள்.