தொட்டி மேல் ஓர் ஆன்டெனா

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன்னால், தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் முதல்வர் அறையில் ஒரு கூட்டம். கல்லூரியைச் சுற்றியிருக்கும் நான்கைந்து கிராமங்களுக்கு, மாணவர்களை வைத்தே பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பது என்று திட்டம். அதற்கு ஓர் ஆலோசனைக் குழு. தொலைத்தொடர்புத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். மேசை மேல் காராசேவு, பிஸ்கட், டீ. உட்கார்ந்ததுமே சால்வை போட்டுவிட்டார்கள். சால்வை விழுந்த தோளோடு யாரும் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள் பாருங்கள்.

ஒரு மணி நேரம் பேசினோம். எந்தக் கம்பெனி ரேடியோ வாங்குவது, நொடிக்கு எத்தனை மெகாபிட் வேகம், கோபுரம் எத்தனை மீட்டர். நானும் என் பங்குக்கு, சிக்னல் பலத்தை அளக்கிற டெசிபல் கணக்கெல்லாம் போட்டேன். கடைசியில், கதவோரமாக நின்றுகொண்டிருந்த கல்லூரி எலக்ட்ரீஷியன் மெதுவாகக் கேட்டார்: “சார், ஊர்ல அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கருந்து எடுப்பீங்க? மோட்டார் போடுற நேரத்துல அங்க லைட்டே மங்கிடுமே.”

யாரிடமும் பதில் இல்லை. “யூ.பி.எஸ். வச்சுக்கலாம்ப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

அந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்க வேண்டிய ஆள் அவர்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தேனிப் பக்கம் போக வேண்டும்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர்கள் கண்ணைச் சோதித்துவிட்டு, தேனியில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேச வைப்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. சரி, வீடியோ போக இணைப்பு வேண்டுமே? இது 2005-ஐ ஒட்டிய காலம். அந்த ஊர்களில் அவ்வளவு வேகமான இணைப்பை விலைக்கு வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. அங்கேதான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் எரிக் ப்ரூவரின் ஆய்வுக் குழு வந்து சேர்ந்தது. கையில் இருந்தது சாதாரண வைஃபை அட்டையும், ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனாவும்.

வைஃபை என்பது வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு துண்டு தகவலை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராவிட்டால், தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். ரேடியோ அலை 15 கிலோமீட்டர் போய்ச் சேர 50 மைக்ரோசெகண்ட் ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு 50. அவ்வளவு நேரம் காத்திருக்க வைஃபைக்குப் பொறுமை கிடையாது. பதில் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அதே தகவலை மறுபடி அனுப்பும். பெர்க்லி குழு இந்த விதியையே மாற்றியது. இவ்வளவு நேரம் நீ அனுப்பு, அப்புறம் இவ்வளவு நேரம் நான் அனுப்புகிறேன் என்று முறை வைத்தார்கள். நம் ஊரில் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் விடுவார்களே, அதே கதை. இந்த மாதிரி வேலைகளில் தூரம் ஒரு பெரிய தடையில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெனிசுவேலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு, மலை உச்சிக்கு மலை உச்சி, 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு போட்டுக் காட்டியது 2007-ல்.

தேனியில் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது மின்சாரம். பழுதுகளில் பெரும்பாலானவை அதனால் வந்தவைதான். கிராமத்து மின்லைனில் 500 வோல்ட்டைத் தாண்டிக் குதிக்கிற துள்ளல்களை அவர்கள் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ரூட்டர் பலகை கருகும். திடீரென்று கரண்ட் போய் வந்தால் உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டுப்போகும். பேட்டரி இறங்க இறங்க, ரூட்டர் உயிர் இருந்தும் இல்லாமலும் தொங்கிக்கொண்டு கிடக்கும். அதற்காகவே, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டித்துவிடுகிற சின்ன சர்க்யூட் ஒன்றைச் செய்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் வைஃபை விதியை மாற்றி எழுதப் போன இடத்தில் பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரே வாக்கியத்தில் கேட்டதும் இதைத்தானே?

தேனி வலையமைப்பைப் பற்றி நான் அதிகம் மெச்சுவது வேறொன்று. காலப்போக்கில் மருத்துவமனை ஆட்களே அதைக் கற்றுக்கொண்டு, அவர்களே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன, மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள், அதெல்லாம் நல்லதுதான். மறுநாள் காலை மையத்தைத் திறக்கும்போது வீடியோவில் படம் வந்ததா என்பதுதான் கண்ணைக் காட்ட வந்த பாட்டிக்கு முக்கியம்.

இன்னொரு ஊர், மேலூர். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த மேலூர் வட்டாரத்தில் 2001-ல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு, கூடவே என்-லாக் என்ற நிறுவனம். ஆலோசகர் பட்டியலைப் பார்த்தால் அதைவிடப் பெரிய பட்டியல் கிடைக்காது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு சென்னையில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் இணைப்பு. வேகம் நொடிக்கு 35-லிருந்து 70 கிலோபிட். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் போன் லைனே எட்டிப் பார்க்காத கிராமத்தில் அது பெரிய விஷயம். உள்ளூர் ஆட்களே கடன் வாங்கி இணைய மையம் வைத்தார்கள். முதியோர் உதவித்தொகை, பிறப்புச் சான்றிதழ் போன்ற மனுக்களை அங்கிருந்தே தாலுகா ஆபீசுக்கு அனுப்பலாம். மேலூருக்கு நாலு தடவை நடக்கிற வேலை மிச்சம்.

சில வருஷங்களில் பல மையங்கள் மூடிவிட்டன. ஏன் மூடின என்று அந்தத் திட்டத்தில் இருந்தவர்களே உட்கார்ந்து ஆராய்ந்து எழுதினார்கள். தோற்ற கதையை மறைக்காமல் எழுதுகிற அந்தப் பழக்கம் நம்மிடம் குறைவு என்பதால், இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மையம் வைத்தவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் சமயத்துக்கு வரவில்லை. தாலுகா ஆபீஸ் சேவை, ஆர்வமாக இருந்த அதிகாரிகள் இருந்தவரை நன்றாக ஓடியது. அவர்கள் மாற்றலாகிப் போனதும் மனுக்கள் கம்ப்யூட்டரிலேயே தூங்கின. ஐ.ஐ.டி.யும் எம்.ஐ.டி.யும் சேர்ந்தாலும் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரை எதிர்த்து நிற்க முடியாது.

கல்லூரிக்கு இந்த மாற்றல் நோய் இன்னும் மோசம். அங்கே மாற்றல் வருஷா வருஷம் வரும். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் ரூட்டரை அக்கக்காகக் கழற்றி மாட்டுவான். எந்த ஊரில் எந்த வீட்டு மாடி, சாவி யாரிடம், பாஸ்வேர்டு என்ன என்று எல்லாம் அவன் தலையில் இருக்கும். மே மாதம் பரீட்சை முடியும், பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் இரண்டாவது வருஷம் ஒரு கிராமத்து இணைப்பு போய்விட்டது. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பெண் ஹைதராபாத்தில் இருந்தாள். பாவம், அவளும் மறந்துவிட்டிருந்தாள்.

என்னைக் கேட்டால், கல்லூரித் திட்டத்தில் ஆலோசகரின் முதல் வேலை ஞாபகம் வைத்திருப்பது. ரேடியோ எதை வாங்குவது என்பதை இப்போது மாணவர்களே இணையத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எந்தக் கோபுரத்துக்கு எர்த் போட்டது யார், எந்த வீட்டுக்காரரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம், போன தடவை எது ஏன் கெட்டது என்பதைப் பத்து வருஷத்துக்குச் சுமக்க ஆள் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை சால்வைக்கு வருகிறவரால் அது ஆகாது. ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, அதில் தேதி போட்டு எழுத வைத்தோம். எங்கள் குழு செய்ததில் உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

குழுவில் யாரைச் சேர்க்கலாம்? கணக்கு பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரி மூன்று வருஷத்தில் போகும், அதற்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்பவர் அவராகத்தான் இருப்பார். கிராமத்துப் பெண்கள் குழுவிலிருந்து ஒருவர், கண்டிப்பாக. அப்புறம் சட்டம் தெரிந்த ஒருவர். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை விற்க உரிமம் வேண்டும். கல்லூரிக்கு வருகிற இணைப்பை அப்படியே ஊருக்குத் திருப்பிவிட முடியாது. 2005 ஜனவரியில், வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு சொன்ன பிறகுதான், வெளியே வைஃபை ஆன்டெனா வைப்பதே சுலபமாயிற்று. ஆனால் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்பது வேறு, சேவைக்கு உரிமம் வேண்டும் என்பது வேறு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட, அதில் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ், உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். கல்லூரிகள் இந்த வழியைப் பார்க்கலாம்.

‘இப்போதுதான் ஃபைபர் வந்துவிட்டதே, இந்த ஆன்டெனா கதையெல்லாம் எதற்கு’ என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். 2011-ல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின் நோக்கமே எல்லா ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள். ஆனால் ஃபைபர் முதலில் வந்து சேருவது ஊராட்சி அலுவலகத்துக்கு. ஓர் ஊராட்சியில் ஐந்தாறு குக்கிராமங்கள் இருக்கும், நடுவில் கண்மாய் இருக்கும். அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர் வேலைக்குத்தான் பக்கத்துக் கல்லூரி.

எங்கள் எலக்ட்ரீஷியனை இரண்டாவது வருஷம் குழுவில் சேர்த்துக்கொண்டோம். சால்வையும் போட்டோம். மறுநாள் அதை அவர் ஸ்கூட்டர் சீட் மேல் விரித்திருந்தார்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மேற்குப் பக்க இணைப்பு, மழை பெய்தால் மட்டும் போய்விடுகிறதாம். போய்ப் பார்த்தேன். மாடியில் நின்றால் எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ரேடியோவுக்குக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில், வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நடுப்பகுதியில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் ஏறக்குறைய 18 மீட்டர். அதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாக வேண்டும். நாங்கள் கணக்குப் போட்டபோது குட்டையாக இருந்த தென்னைகள் மூன்று வருஷத்தில் அதற்குள் தலை நீட்டிவிட்டன. மட்டை காய்ந்திருந்தால் சமாளிக்கிறது, நனைந்தால் அலையைக் குடித்துவிடுகிறது.

தோப்புக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். “காய்க்கிற மரத்தையா ஐயா வெட்டச் சொல்றீங்க?” என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார். ஊராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தென்னையைவிட உயரம். ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் அனுமதி வாங்கி, ஆன்டெனாவை அங்கே மாற்றினோம். நான் கேட்டேன், “இவ்வளவு உயரத்துல கெட்டுப்போனா யாருப்பா ஏறிப் பார்க்கிறது?” அவர் தொட்டி ஆபரேட்டரைக் காட்டினார். மாதம் இரண்டு தடவை, கையில் பிளீச்சிங் பவுடர் வாளியோடு, தொட்டி கழுவ அவர் எப்படியும் ஏறத்தான் செய்கிறார். போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, வயரை அணில் கடித்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஐந்து நிமிஷம். அதற்குத் திட்டக் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தொட்டித் தூணில், ‘தொட்டி சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்யும் நாள்’ என்று இரண்டு வரி எழுதியிருக்கும் அல்லவா? அதற்குக் கீழே, அதே நீலப் பெயின்டில், யாரும் சொல்லாமலே அந்த ஆபரேட்டர் மூன்றாவது வரி ஒன்று எழுதி வைத்திருக்கிறார்: ‘ஆன்டெனா பார்த்த நாள்’. தேதியும் போட்டிருந்தது.

வணக்கம்.