சோத்துப் பானையில பாக்டீரியா பெருகும், வைரஸ் பெருகாது

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? பாக்டீரியா, வைரஸ் ரெண்டையும் கிருமின்னு ஒண்ணாப் போட்டுப் பேசுறோம். இந்தச் சோத்துப் பானைய வச்சே ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறேன்.

பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. வயல் மண்ணுலேர்ந்து அரிசியோட ஒட்டிக்கிட்டு வரும், எத்தன தடவ களைஞ்சாலும் முழுசாப் போகாது. சோறு கொதிக்கிறப்போ உயிரோட இருக்கிற செல் செத்துடும், அதோட ஸ்போர் சாகாது. ஸ்போர்னா கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி, 100 டிகிரியையும் தாங்கும்.

மூடியத் திறக்கிறேன், பாருங்க. மேல ஆறிப்போச்சு. நடுவுல கரண்டிய விட்டா இன்னும் ஆவி வருது. அந்த நடுப்பகுதிதான் ஆபத்து. கோலாலம்பூர் வெயிலுக்கு மணிக்கணக்கா வெதுவெதுன்னே கிடக்கும், ஸ்போர் முளைச்சுடும். அரை மணிக்கு ஒரு தடவ ரெண்டாப் பிரியுதுன்னு வச்சுக்குங்க. ஒரு கிராம் சோத்துல 100 இருந்தா, 6 மணி நேரத்துல 4 லட்சத்தத் தாண்டிடும். இந்த பாக்டீரியாவுல சில வகை, சோத்துக்குள்ளயே ஒரு நஞ்சையும் விடும். மறுபடி சுட வச்சா பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். பழைய சோத்துல நாசி கோரேங், அதாவது வறுத்த சோறு பண்ணிச் சாப்பிட்டு, அரை மணிலேர்ந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி வருதுன்னா, பெரும்பாலும் இந்த நஞ்சுதான். அதுக்கு ஆன்டிபயோட்டிக் கேட்டு நிக்காதீங்க, நஞ்சுக்கு அது மருந்தே இல்ல.

அதனால மிஞ்சினத அகலமான தட்டுல ரெண்டு அங்குலத்துக்கு மேல உயராமப் பரப்புங்க. ஆக்கி 2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள போயிடணும், மறுநாளே தீர்த்துடணும். சுட வைக்கிறது ஒரே தடவதான், நடுவுலயும் ஆவி பறக்கணும். குக்கர 'வார்ம்'ல விட்டா சோறு 60 டிகிரிக்குக் கீழ இறங்கக்கூடாது.

இப்ப வைரஸ். நோரோவைரஸ எடுத்துக்குங்க. அந்த பாக்டீரியா ஒண்ணோட நீளத்துக்கு இத நூறு வரைக்கும் வரிசையா அடுக்கலாம். உள்ள கொஞ்சம் மரபுப்பொருள், வெளிய புரத உறை, அவ்ளோதான். சாப்பிடாது, மூச்சு விடாது. பானையில ஒரு வாரம் கிடந்தாலும் ஒண்ணு ரெண்டாகாது. நம்ம குடல் செல்லுக்குள்ள பூந்து, அந்த செல்லோட எந்திரத்த வச்சுத்தான் தன்னப் படியெடுக்கும். ஆனா பெருகாட்டியும் நோய் வரும், இருபதுக்கும் குறைவான துகளே போதும்னு சொல்றாங்க. பெனிசிலின்ங்கிற ஆன்டிபயோட்டிக் பாக்டீரியாவோட செல் சுவரக் கட்ட விடாம உடைக்கும். வைரஸுக்குச் சுவரே இல்லையே, எத உடைக்கும்?

இன்னொண்ணு. கொரோனா வைரஸுக்கு மேல கொழுப்புப் படலம் இருக்கு, சானிட்டைசர் அதக் கரைச்சுடும். நோரோவுக்கு அந்தப் படலம் கிடையாது, சானிட்டைசர நம்பாதீங்க. சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்ச்சு, ஓடுற தண்ணியில கழுவுங்க. வீட்டுல யாராவது வாந்தி எடுத்தா கையுறை போட்டுத் துடைச்சுட்டு, 5 விழுக்காடு பிளீச் 100 மில்லிய 900 மில்லி தண்ணியில கலந்து ஊத்தி, 10 நிமிஷம் ஊற விடுங்க. துடைக்காம ஊத்தினா அழுக்கே பிளீச்சத் தின்னுடும். வேற கிளீனர் எதையும் அதோட கலக்காதீங்க, விஷ வாயு கிளம்பும். வாந்தி நின்னு ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் அவங்க அடுப்படிப் பக்கம் வேண்டாம்.