ரெண்டு பிலடெல்பியா

வணக்கம். மழைய பாக்காம இத்தனை பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். 2008ல ஒபாமாவும் ஹிலரி கிளிண்டனும் டெமாக்ரட்ங்கற ஒரே கட்சிக்குள்ள, ஜனாதிபதி வேட்பாளர் யாருன்னு மோதிக்கிட்ட ப்ரைமரி தேர்தல் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க, ஆனா நான் 2008ல ஆரம்பிக்கப் போறதில்ல, மிசிசிப்பி மாநிலத்துல பிலடெல்பியான்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிக்கறேன்.

நமக்கெல்லாம் தெரிஞ்சது பென்சில்வேனியால இருக்கற பெரிய பிலடெல்பியா, சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட ஊர். இது வேற. 1964 ஜூன்ல, கறுப்பின மக்கள வாக்காளர் பட்டியல்ல சேக்கற வேலைல இருந்த மூணு பசங்கள, ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர், இந்த ஊர்ப் பக்கத்துல வச்சு சுட்டுக் கொன்னு ஒரு மண் அணைக்குள்ள புதைச்சாங்க. சேனி உள்ளூர் கறுப்பினப் பையன், மத்த ரெண்டு பேரும் நியூயார்க்லேர்ந்து வந்த யூதப் பசங்க. உடம்பு கிடைக்கவே 44 நாள் ஆச்சு. இதுல உள்ளூர் போலீஸுக்கும் கை இருந்துச்சு.

அந்த ஊருக்குப் பக்கத்துல நெஷோபா கவுண்டி திருவிழான்னு ஒண்ணு வருஷா வருஷம் நடக்கும். 1980 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஜனாதிபதி பதவிக்கு நின்ன ரிபப்ளிகன் கட்சி வேட்பாளர் ரீகன் அங்க போய், எனக்கு மாநில உரிமைகள்ல நம்பிக்கை உண்டுன்னு பேசினாரு. நம்ம காதுக்கு மாநில உரிமைங்கறது நல்ல வார்த்தை, அதுக்காக நாமளே எவ்வளவு போராடியிருக்கோம். ஆனா அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல அந்த வார்த்தைய வச்சுத்தான் பல காலமா நிறவெறிச் சட்டங்கள காப்பாத்திக்கிட்டு வந்தாங்க. கொலையான மூணு பேரப் பத்தி ரீகன் அங்க ஒரு வார்த்தை பேசல. கறுப்பினக் குடும்பங்கள்ல அத மறக்கல. இத மனசுல வச்சுக்கங்க, திரும்ப இங்க வருவேன்.

அதே 1964ல தான் நிறப் பாகுபாட்ட தடை பண்ணின சிவில் ரைட்ஸ் சட்டமும் பாஸ் ஆச்சு. செனட்ல 73க்கு 27. இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, எதிர்த்து ஓட்டுப் போட்ட 27 பேர்ல 21 பேர் அப்ப ஜனாதிபதியா இருந்த ஜான்சனோட சொந்தக் கட்சி, டெமாக்ரட். ஆதரிச்சதுல 27 பேர் ரிபப்ளிகன். தெற்கத்தி டெமாக்ரட்டுங்க வாரக்கணக்கா பேசிப் பேசியே ஓட்டெடுப்ப நடக்க விடாம இழுத்தடிச்சாங்க, ஃபிலிபஸ்டர்னு சொல்வாங்க, அத உடைக்க அப்ப மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்துச்சு, அந்த ஓட்ட திரட்டிக் குடுத்தது செனட்ல ரிபப்ளிகன் தலைவரா இருந்த எவரெட் டர்க்சன். அவர் எந்த ஊர் செனட்டர் தெரியுமா, இல்லினாய்ஸ். பின்னால ஒபாமா செனட்டரா போனாரே, அதே இல்லினாய்ஸ். அந்த வருஷமே தேர்தல்ல, இந்தச் சட்டத்த எதிர்த்த ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு சவுத் கரோலினா, மிசிசிப்பி மாதிரி ஆழமான தெற்கு மாநிலங்கள் அஞ்சு ஓட்டுப் போட்டுச்சு. தெற்குல இருந்த வெள்ளைக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா ரிபப்ளிகன் பக்கம் சாய்ஞ்சது அதுலேர்ந்து தான் வேகமாச்சு.

அதனாலதான் சொல்றேன், அங்க எதிர்க்கட்சிக்காரன் கைய பிடிக்கறதும் நிறப் பிரச்சினையும் தனித்தனி இல்ல, ஒண்ண தொட்டா இன்னொண்ணு அசையும். ஒபாமா 2007 பிப்ரவரில வேட்பாளரா நின்னப்போ அவர் மக்களுக்குக் குடுத்த வாக்குறுதியே ரெண்டு கட்சியையும் சேத்து வச்சு வேலை செய்வேங்கறதுதான். 2004ல பாஸ்டன்ல நடந்த டெமாக்ரட் கட்சி மாநாட்டுல, லிபரல் அமெரிக்கான்னும் கன்சர்வேட்டிவ் அமெரிக்கான்னும் கிடையாது, கறுப்பு அமெரிக்கான்னும் வெள்ளை அமெரிக்கான்னும் கிடையாது, ஐக்கிய அமெரிக்கா தான் இருக்குன்னு பேசித்தான் அவர் நாட்டுக்கே தெரிஞ்சாரு. சும்மா வாய்ப்பேச்சும் இல்ல, இல்லினாய்ஸ் சட்டசபைல இருந்தப்போ கொலைக் கேஸ் விசாரணைய போலீஸ் பதிவு பண்ணணும்னு ஒரு மசோதா, போலீஸே முதல்ல எதிர்த்தாங்க, அவங்ககிட்டயும் ரிபப்ளிகன்கள்கிட்டயும் உக்காந்து பேசிப் பேசி மாநில செனட்ல ஒரு எதிர் ஓட்டு கூட இல்லாம பாஸ் பண்ண வச்சாரு. அடி வாங்கி செய்யாத குற்றத்த ஒத்துக்கிட்டவங்கள்ல எத்தனை பேர் கறுப்பினத்தவங்கன்னு சிகாகோல எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இவர் வாங்கின பதில் ரெண்டு கட்சி ஓட்டு.

ப்ரைமரின்னா என்னன்னு தம்பிகளுக்கு ஒரு வரி. நம்ம ஊர்ல வேட்பாளர் யாருன்னு கட்சித் தலைமை அறிவிக்கும், அங்க கட்சி வேட்பாளரையே மக்கள் மாநிலம் மாநிலமா ஓட்டுப் போட்டு எடுப்பாங்க. சில மாநிலத்துல எந்தக் கட்சிக்காரனும் உள்ள வந்து ஓட்டுப் போடலாம். ஐயோவால அப்பல்லாம் டெமாக்ரட்டுங்க காக்கஸ்னு, பள்ளிக்கூடத்துலயும் சர்ச்லயும் ராத்திரி கூடி, ஆதரவாளருங்க தனித்தனிக் கும்பலா நின்னு தலை எண்ணினாங்க. அன்னிக்கு வாசல்லயே கட்சி மாத்தி எழுதிக்க முடிஞ்சுச்சு. ஒபாமா ஆளுங்க இத நல்லா பயன்படுத்தினாங்க, ஒரு நாளைக்கு மட்டும் டெமாக்ரட்டா இருங்கன்னு ரிபப்ளிகன்கள்கிட்டயும் சுயேச்சைகள்கிட்டயும் வீடு வீடா போய்க் கேட்டாங்க. நூத்துக்கு 90 பேருக்கு மேல வெள்ளைக்காரங்க இருக்கற மாநிலம். 2008 ஜனவரி 3, ஒபாமா ஜெயிச்சாரு, ஹிலரி மூணாவது.

அது வரைக்கும் கறுப்பின ஓட்டர்கள்லயே நிறைய பேர் கிளிண்டன் குடும்பத்து பக்கம் தான் இருந்தாங்க. வெள்ளைக்காரங்க இவருக்கு ஓட்டுப் போடவே மாட்டாங்க, நம்ம ஓட்ட வீணாக்குவானேன்னு ஒரு பயம். தலைமுறை தலைமுறையா பட்ட அடில வந்த பயம் அது. ஐயோவா அத உடைச்சுச்சு. வெள்ளைக்கார விவசாயி போட்ட ஓட்டு சவுத் கரோலினால ஒரு கறுப்பினப் பாட்டிக்கு தைரியம் குடுத்துச்சுங்கறத நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது.

உடனே சண்டை வந்துச்சு. நியூ ஹாம்ப்ஷயர்ல ஹிலரி, மார்ட்டின் லூதர் கிங்கோட கனவு நனவாக ஆரம்பிச்சது ஜான்சன் சட்டத்த நிறைவேத்தினப்போ தான், அதுக்கு ஒரு ஜனாதிபதி வேண்டியிருந்துச்சுங்கற அர்த்தத்துல பேசினாங்க. பில் கிளிண்டன், ஈராக் போர் விஷயத்துல ஒபாமா சொல்றதெல்லாம் தேவதைக் கதைன்னாரு. கறுப்பின மக்கள் ரெண்டையும் எப்படிக் கேட்டாங்கன்னா, கிங் வெறும் பேச்சு, இந்தப் பையனும் வெறும் பேச்சுன்னு கேட்டாங்க. நான் ஹிலரிக்கு நியாயம் பண்ணணும்னு நினைக்கறேன், ஜான்சன் இல்லாம சட்டம் இல்லங்கறது சரித்திரப்படி பொய் இல்ல. ஆனா ரோட்டுல அடி வாங்கினவன விட்டுட்டு கையெழுத்துப் போட்டவன சொன்னா வலிக்கத்தான் செய்யும். எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, கிங்கா ஜான்சனான்னு நாடே அடிச்சுக்கிட்டப்போ, டர்க்சன் பேர யாரும் பெருசா எடுக்கல. ரெண்டு கட்சியும் சேரணும்னு ஓட்டுக் கேக்கற இல்லினாய்ஸ்காரருக்கு அதவிட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும்?

ஒபாமா எடுத்தது வேற பேர். ஜனவரி 14, நெவாடால ரீனோ ஊர்ல ஒரு பத்திரிகை ஆசிரியர் குழு கூட பேசறப்போ, அமெரிக்கா போற பாதைய ரீகன் மாத்தினாரு, நிக்சனும் மாத்தல, பில் கிளிண்டனும் மாத்தலன்னாரு. ரீகன் கொள்கைய அவர் பாராட்டல, மாத்துனாருன்னு தான் சொன்னாரு, அத முழுசா படிச்சா தெரியும். ரிபப்ளிகன் ஓட்டருக்கு நல்ல சமிக்ஞை தான். ஆனா ரீகன்னா சிலருக்கு ஞாபகம் வர்றது நெஷோபா மேடை. மார்ட்டின் லூதர் கிங் நாளான ஜனவரி 21, சவுத் கரோலினால மிர்ட்டில் பீச் விவாதத்துல ஹிலரி இத பிடிச்சுக்கிட்டாங்க, பேச்சு எங்க போச்சுன்னா, வேலை போன ஜனங்களுக்காக நான் தெருவுல இறங்கி வேலை செஞ்சப்போ நீங்க வால்மார்ட் போர்டுல உக்காந்திருந்த கம்பெனி வக்கீல்னு ஒபாமா, குடிசைப் பகுதி வீட்டுச் சொந்தக்காரன் ஒருத்தனுக்கு நீங்க வக்கீல் வேலை பாத்தீங்கன்னு ஹிலரி. என் அபிப்பிராயம், ஒபாமா அந்த இடத்துல தப்புப் பண்ணினாரு. எதிர்க்கட்சி தலைவர பெருமையா சொல்லலாம், ஆனா அந்த ஆளோட பேச்சு யாரக் காயப்படுத்துச்சோ அவங்களையும் அதே மூச்சுல நினைச்சுக்கணும்.

ஜனவரி 26 சவுத் கரோலினா. நமக்கு குடியரசு தினம், அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு டிவி முன்னாடி உக்காந்தேன், அங்க ஓட்டு முடிஞ்ச நேரம், டீ போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள ஒபாமா ஜெயிச்சாச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. 55 சதவீதம், ஹிலரிக்கு 27 கூட வரல. கொலம்பியா அரங்கத்துல கூட்டம் நிறம் முக்கியமில்ல நிறம் முக்கியமில்லன்னு கோஷம் போட்டுச்சு. அப்ப கான்ஃபெடரேட் கொடி, அதாவது அடிமை முறைய காப்பாத்த உள்நாட்டுப் போர் நடத்தின தெற்கு மாநிலங்களோட கொடி, இன்னும் அந்த ஊர் சட்டசபை வளாகத்துல பறந்துக்கிட்டு இருந்துச்சு, 2015ல தான் இறக்கினாங்க. வெள்ளைக்கார ஓட்டுல ஒபாமாவுக்கு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு தான். அன்னிக்கே பில் கிளிண்டன், ஜெஸ்ஸி ஜாக்சன் கூட 84லயும் 88லயும் இங்க ஜெயிச்சாருன்னு ஒரு வார்த்தை விட்டாரு. ஜாக்சன், முன்னாடி ஜனாதிபதி வேட்பாளராக முயற்சி பண்ணின கறுப்பினத் தலைவர். இது கறுப்பின வேட்பாளரோட வெற்றி, பெருசா எடுத்துக்காதீங்கன்னு தான் அது ஒலிச்சுச்சு. கறுப்பின மக்கள் உயிரா நேசிச்ச மனுஷன் வாய்லேர்ந்து அது வந்ததுதான் அவங்களால தாங்க முடியல. ரெண்டே நாள்ல ஜனாதிபதி கென்னடியோட தம்பி, செனட்டர் டெட் கென்னடி ஒபாமா பக்கம் வந்தாரு. பிப்ரவரில பழைய ரிபப்ளிகன் ஜனாதிபதி ஐசன்ஹோவரோட பேத்தி சூசன் ஐசன்ஹோவர், பிறவி ரிபப்ளிகன், அவங்களும் ஒபாமாவ ஆதரிச்சு எழுதினாங்க. 1965ல கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்துல போலீஸ் அடிச்சு மண்டை உடைஞ்ச ஜான் லூயிஸ் ஹிலரிய விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தாரு, எவ்வளவு வேதனைப்பட்டு வந்திருப்பாருன்னு யோசிச்சுப் பாருங்க.

மார்ச்ல நிலைமை முத்திருச்சு. 1984ல டெமாக்ரட் கட்சி சார்பா துணை ஜனாதிபதிக்கு நின்ன ஜெரால்டின் ஃபெராரோ, ஒபாமா வெள்ளைக்காரரா இருந்தா இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டாருன்னு சொல்லி, ஹிலரி குழுவ விட்டு விலக வேண்டியதாச்சு. ரிபப்ளிகன்கள் கட்சி தாண்டி வர்ற கதவு எதிர்ப்பக்கமும் வேலை செஞ்சுச்சு, ரேடியோல பேசிக்கிட்டிருந்த ரிபப்ளிகன் ஆதரவாளர் ரஷ் லிம்பா, ஹிலரிக்கு ஓட்டுப் போட்டு சண்டைய இழுத்து விடுங்கன்னு தன் கேக்கறவங்கள கிளப்பி விட்டாரு. அப்பறம் ஒபாமாவோட பாஸ்டர் ஜெரமையா ரைட், இருபது வருஷப் பழக்கம், கல்யாணம் பண்ணி வச்சவர், அவர் அமெரிக்காவ சபிச்சுப் பேசின வீடியோ டிவில திரும்பத் திரும்ப ஓடுச்சு.

மார்ச் 18, ஒபாமா பெரிய பிலடெல்பியாவுக்குப் போனாரு, அரசியல் சட்டம் எழுதின கட்டிடத்துக்கு எதிர்ல நின்னு 37 நிமிஷம் பேசினாரு. அது வரைக்கும் நிறத்தப் பத்திப் பேசாம இருந்தா தான் எல்லாரும் வருவாங்கங்கற மாதிரி தான் பிரச்சாரம் நடந்துச்சு. அன்னிக்கு பேசினாரு. ரைட் தலைமுறையோட கோவம் எங்கேர்ந்து வருதுன்னு சொன்னாரு. உடனே அடுத்து, யாரும் எனக்கு ஒண்ணும் சும்மா குடுக்கலையேன்னு நினைக்கற வெள்ளைக்காரத் தொழிலாளியோட கோவத்தையும் சொன்னாரு, அவங்கள நிறவெறியன்னு முத்திரை குத்தித் தள்ளாதீங்கன்னாரு. தன்ன வளத்த வெள்ளைக்காரப் பாட்டியே ரோட்டுல கறுப்பின ஆம்பளையப் பாத்தா பயப்படுவாங்கன்னு சொன்னாரு. பாஸ்டன் பேச்ச விட இது பெரிய பேச்சுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா பாஸ்டன்ல பிரிவே இல்லன்னாரு, இங்க பிரிவு இருக்கு, ரெண்டு பக்கமும் வலி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாரு.

ஆனா மூணு வாரம் கூட ஆகல, சான் ஃபிரான்சிஸ்கோல பணக்கார நன்கொடையாளருங்க மத்தில, வேலை போன சின்ன ஊர் ஜனங்க கசப்புல துப்பாக்கியையும் மதத்தையும் பிடிச்சுத் தொங்கறாங்கன்னு பேசிட்டாரு. அதே புரிதல் தான், ஆனா அவங்க முகத்தப் பாத்துச் சொல்லாம முதுகுக்குப் பின்னால சொன்னா புரிதலே அவமானமாயிடுது. பென்சில்வேனியால தோத்தாரு. மே மாசம் ஹிலரி, உழைக்கற வெள்ளை அமெரிக்கர்கள் என் பக்கம்னு ஒரு பேட்டில சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, ஆனா மேற்கு வர்ஜீனியால 40 பாயிண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. ஜூன் 3 ஒபாமா வேட்பாளரானாரு. நவம்பர்ல இந்தியானாவ ஜெயிச்சாரு, 1964க்கு அப்பறம் எந்த டெமாக்ரட்டும் ஜெயிக்காத மாநிலம் அது.

பிலடெல்பியா பேச்சோட கடைசிய நான் வேணும்னே தள்ளி வச்சிருந்தேன். சவுத் கரோலினால ஃப்ளோரன்ஸ்ங்கற ஊர்ல ஒபாமாவுக்காக வேலை செஞ்ச 23 வயசு வெள்ளைக்காரப் பொண்ணு, பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருக்கற ஏரியா. ஒரு நாள் எல்லாரும் வட்டமா உக்காந்து ஏன் இந்த வேலைக்கு வந்தோம்னு சொல்றாங்க. அவளுக்கு ஒன்பது வயசுல அம்மாவுக்கு கேன்சர், வேலை போச்சு, அதோட மருத்துவக் காப்பீடும் போச்சு, குடும்பம் திவாலாச்சு. சாப்பாட்டுச் செலவ குறைக்கணும்னு, எனக்கு கடுகுச் சட்னி தடவின சாண்ட்விச் தான் ரொம்பப் பிடிக்கும்னு அம்மாகிட்ட பொய் சொல்லி ஒரு வருஷம் அதையே சாப்பிட்டிருக்கா. அவ சொல்லி முடிச்சதும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா காரணம் சொல்றாங்க. கடைசில, அது வரைக்கும் பேசாம இருந்த ஒரு வயசான கறுப்பினப் பெரியவர்கிட்ட, நீங்க ஏன் வந்தீங்கன்னு கேக்கறாங்க. அவர் போரப் பத்திச் சொல்லல, படிப்பு பத்திச் சொல்லல, ஒபாமாவுக்காக வந்தேன்னும் சொல்லல. அந்தப் பொண்ணு பேரச் சொல்லி, இவளுக்காக வந்தேன்னாரு.