பரணில் ஏழு மணி நேரம்

வணக்கம் நேயர்களே.

நவம்பரில் ஒன்பது நாள் விடுப்பு வேண்டும் என்று ஆண்டு தொடங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். தீபாவளி, பொங்கல் என்றாலும் இரவுப் பணி பார்த்துவிடுவேன். அந்த ஒன்பது நாளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நான் ஒரு செவிலி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் வசிக்கிறேன். அங்கே துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம், நன்றி நவிலும் நாளுக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். அந்த நாட்களில் பெரும்பகுதியை ஓர் ஓக் மரத்தில் சாய்த்த பரணில் உட்கார்ந்தே கழிக்கிறேன்.

மானைச் சுடுவதா என்று உங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். என் அம்மா இன்னும் சுளிக்கிறார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானைக் காக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நான் இருக்கும் இடத்தின் கதை வேறு. அங்கே சோளக்கொல்லையும் சோயா வயலும் மானுக்கு விருந்து வைக்கின்றன, மானைத் தின்னும் விலங்கோ அரிது. சாலையில் காரில் மோதிச் சாகும் மான்களை வாரம்தோறும் பார்க்கிறேன். அரசு உரிமம் கொடுத்து, எத்தனை சுடலாம் என்று கணக்கும் வைக்கிறது. 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் உரிமம் வாங்கப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நான் அந்த வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு 38 வயது. பக்கத்து இருக்கையில் பன்னிரண்டு வயதுப் பையன். இடைவேளையில் என் தவறான விடைகளைத் திருத்தியவன் அவன்தான்.

சுடுவதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது ஒரு நொடி வேலை. மீதி நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பரண் எனக்குப் புதிதில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் என் தாத்தா நிலக்கடலைக் கொல்லையில் பரண் கட்டியிருந்தார். காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுவார், கூச்சல் போடுவார். சங்கப் பாடல்களில் அதற்கு இதணம் என்று பெயர். தினைப்புனத்தில் பெண்கள் அதன் மேல் ஏறிக் கிளி ஓட்டினார்கள். நம் பரண் சத்தம் போடுவதற்கானது, விலங்கை விரட்டுவதற்கானது. விஸ்கான்சினில் அதே பரணில் ஏறி, வருகிற விலங்கு வரட்டும் என்று மூச்சைக்கூட மெல்ல விட வேண்டியிருக்கிறது. தாத்தா பார்த்தால் சிரிப்பார்.

எங்கள் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தட்டையாக்கிய பனியாறுகள் இந்த மூலையை மட்டும் தொடாமல் போய்விட்டன. அதனால் செங்குத்தான மேடுகளும் ஆழமான பள்ளங்களுமாக நிலம் அப்படியே இருக்கிறது. என் பரண் அப்படியொரு மேட்டின் மேல்பாதியில், பக்கத்துப் பண்ணைக்காரரின் நிலத்தில் இருக்கிறது. 16 அடி உயர இரும்பு ஏணி, உச்சியில் ஒரு முக்காலி அகலத்துக்கு இருக்கை, காலை வைக்க ஒரு கம்பிவலை. அவ்வளவுதான். பண்ணைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். வேட்டையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

முதல் ஆண்டு நான் தாக்குப்பிடித்தது இரண்டே மணி நேரம். இறங்கி வந்து, "எனக்குப் பொறுமை இல்லை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "எத்தனை காலுறை போட்டிருக்கிறீர்கள்?" என்றார். மூன்று என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

செவிலிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மூன்று காலுறையைத் திணித்தால் பூட்ஸ் இறுகும். இறுகினால் இரத்தம் பாதம் வரை வராது. இரத்தம் வராத பாதத்தைக் கம்பளிக் கடை முழுவதையும் சுற்றினாலும் சூடாக்க முடியாது. நோயாளியின் காலில் கட்டுப் போட்டால் விரல் நுனியை அழுத்திப் பார்த்து, நிறம் திரும்புகிறதா என்று கவனிப்பவள் நான். என் காலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இப்போது ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, வழக்கத்தைவிட ஓர் எண் பெரிய பூட்ஸ். உள்ளே விரல்கள் பியானோ வாசிக்க இடம் இருக்க வேண்டும்.

அடுத்த எதிரி வியர்வை. வீட்டிலிருந்து பரணுக்கு அரை மணி நேர ஏற்றம். வெளியே உறைநிலைக்கும் கீழே எட்டு டிகிரி. இந்தக் குளிரில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடக்கத்தான் தோன்றும். அப்படி நடந்தால் மரத்தடிக்கு வரும்போது முதுகு நனைந்திருக்கும். ஏறி உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். ஆகவே மெல்லிய சட்டையோடு, நடுங்கியபடியே, மெதுவாக நடக்கிறேன். தடித்த கோட்டு பையின் மேல் கட்டப்பட்டுக் கூடவே வருகிறது. மேலே போய் மூச்சு அடங்கிய பிறகுதான் அதைப் போடுவேன். உடம்பை ஒட்டிய துணி கம்பளியாக இருக்க வேண்டும். நம்மவர்கள் கொண்டாடும் பருத்தி அங்கே துரோகி. நனைந்தால் காய்வதே இல்லை.

உள்ளங்கை அளவு சூட்டுப் பொட்டலங்கள் விற்கிறார்கள். உள்ளே இருப்பது இரும்புத் தூள். காற்று பட்டால் அது துருப்பிடிக்கும், அந்தத் துருவில்தான் சூடு பிறக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இறுகிய பூட்ஸுக்குள் ஒன்றைத் திணித்துவிட்டு, கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். காற்றே போகாத இடத்தில் எப்படித் துருப்பிடிக்கும்? இருக்கைக்கு இரண்டு அங்குல நுரைத்திண்டு. வெறும் இரும்பில் உட்கார்ந்தால் குளிர் எந்த வழியாக ஏறும் என்பதை வானொலியில் விவரிக்க வேண்டாம்.

விவரிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. சிறுநீர் பற்றிப் பேசலாமா என்று நிகழ்ச்சி அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டேன். பேசுங்கள் என்றார். ஆண்கள் ஒரு புட்டியோடு பிரச்சினையை முடித்துக்கொள்கிறார்கள். ஐந்து அடுக்கு உடை, அதற்கு மேல் தொடை வரை இறுக்கிய வார்ப்பட்டை என்று உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதல்ல. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தேன். தலைவலி வந்ததுதான் மிச்சம். இப்போது மதியம் ஒருமுறை இறங்குவது என்று வைத்துக்கொண்டேன். சுக்குக் காப்பியைச் சிறிய குடுவையில்தான் கொண்டுபோகிறேன்.

சாப்பாட்டிலும் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் ஆண்டு புளியோதரையை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு போனேன். காற்றே இல்லாத காட்டில் அந்தத் தாளைப் பிரித்த சத்தம் பட்டாசுச் சரம் மாதிரி கேட்டது. கீழே ஒரு பெட்டை மான் நின்றிருக்கிறது; எனக்குத் தெரியவில்லை. அது முன்னங்காலால் தரையை இரண்டு முறை உதைத்து, வெள்ளை வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது. போகட்டும் என்று சாப்பிட வாயில் வைத்தால், சோறு குளிரில் விறைத்துச் சரளைக்கல் ஆகியிருந்தது. இப்போது உறை பிரித்த கடலை மிட்டாய், கோட்டின் உள்பையில், மென்மையான துணியில் சுற்றி.

விழுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலையுதிர் காலம் வந்தால் மரத்திலிருந்து விழுந்தவர் யாராவது எங்கள் பிரிவுக்கு வந்து சேர்வார். முதுகெலும்பு, குதிகால், சில நேரம் இரண்டும். அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு நிமிட வேலைதானே என்று வாரைக் கட்டவில்லை." தோள், இடுப்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் ஹார்னெஸை நான் தரையிலேயே மாட்டிக்கொள்கிறேன். மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கயிறு தொங்கும். அதில் நழுவும் முடிச்சு ஒன்று, நான் ஏற ஏறக் கூடவே ஏறும். துப்பாக்கியில் குண்டு இல்லாமல், மேலே போன பிறகு தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்வேன். போன ஆண்டே கட்டிவிட்டேன், இருக்கட்டும் என்று பரண் வார்களை நம்பக் கூடாது. வெயில் நைத்திருக்கும், அணில் கடித்திருக்கும்.

ஹார்னெஸ் காப்பாற்றிவிட்டால் மட்டும் போதாது. அந்தரத்தில் அசையாமல் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கும். நேரம் போகப் போக அதுவே உயிருக்கு ஆபத்து. அதனால் பையில் ஒரு சிறு வார் வைத்திருக்கிறேன். தொங்க நேர்ந்தால் அதைக் கொக்கியில் மாட்டி, வளையத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டு தொடையின் இறுக்கத்தைத் தளர்த்தலாம். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைக்காமல் கிளம்புவதில்லை.

இத்தனையும் சரியாக அமைந்தால் பொறுமை பாதி தானே வந்துவிடுகிறது. மீதிப் பாதி கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுப்பதில் இருக்கிறது. "இது ஒருவகைத் தியானம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இரவுப் பணியில் பன்னிரண்டு படுக்கைகளைக் காதாலேயே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இதற்கு நெருக்கம். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் யார் இருமினார்கள் என்று தெரிகிறது.

காய்ந்த ஓக் இலையில் அணில் போடும் சத்தம் மானைவிடப் பெரிது. புதியவர்களை அதுதான் ஏமாற்றும். அணில் சரசரவென்று ஓடும், சட்டென்று நிற்கும், திரும்ப ஓடும். மான் அடி எடுத்து வைக்கும், ஒன்று, இரண்டு, பிறகு நீண்ட மௌனம், பிறகு ஒன்று. அந்த மௌனத்தில் அதுவும் நம்மைப் போலவே கேட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு நான் கொடுக்கும் வேலை, படுக்கைக்கோட்டைத் தேடுவது. காட்டில் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும். தரைக்கு இணையாக ஒரு கோடு தெரிந்தால் அது விழுந்த மரமாக இருக்கும், அல்லது ஒரு முதுகாக இருக்கும்.

துப்பாக்கிப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம். 2016 முதல் இளஞ்சிவப்பும் செல்லும். பெண்களைக் கவரும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, நான் ஆரஞ்சிலேயே இருக்கிறேன். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு பச்சையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை. நீலம்தான் நன்றாகத் தெரியும். நிறத்தைவிட அசைவும் வாசனையுமே காட்டிக்கொடுப்பவை. விடியலில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும், கூடவே என் வாசனையும். கீழே வயலில் மேய்ந்துவிட்டு மேட்டில் படுக்க ஏறி வரும் மான், பாதியிலேயே என்னை மோந்துவிடும். வெயில் சரிவைச் சூடாக்கிய பிறகு காற்று திசை மாறி மேலே எழும். அப்போதுதான் என் பரண் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் மணி பத்தரை ஆனதும் மற்ற வேட்டைக்காரர்கள் பசியில் இறங்கி நடக்கிறார்கள். அவர்கள் நடக்க நடக்க, படுத்திருந்த மான்கள் எழுந்து நகர்கின்றன. உட்கார்ந்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம்.

போன பருவத்தின் மூன்றாம் நாள். அதிகாலை ஐந்தே முக்காலுக்கு ஏறியவள். காலையெல்லாம் எதுவும் வரவில்லை. பதினொன்றரைக்கு இறங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். விரல்களை அசைத்துப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தன. இறங்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, சலிப்பைத் தவிர. ஒரு சிக்கடி குருவி வந்து துப்பாக்கிக் குழலின் நுனியில் அமர்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. சரி, இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு, விழுந்த மரம் என்று காலையிலிருந்து நான் நினைத்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. அது நகர்ந்தது. ஆண் மான். நாற்பது கஜ தூரத்தில், பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட்டேன். துள்ளி, மேட்டைத் தாண்டி மறைந்தது.

பாய்ந்து இறங்கி ஓடத்தான் கால் பறக்கும். படபடக்கும் நெஞ்சோடும் மரத்த காலோடும் ஏணியில் இறங்குபவர்கள்தான் எங்கள் பிரிவுக்கு வருகிறார்கள். அதோடு, அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது வெகுதூரம் ஓடிப் போய் அவதிப்படும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்து அடங்கும். "அரை மணி நேரம் அசையாதீர்கள். குடுவையில் இருப்பதைக் குடித்து முடியுங்கள்" என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார்.

குடுவையைத் திறந்தேன். கை நடுங்கியதில் பாதிக் காப்பி கையுறையில் கொட்டியது. மீதியை, சுக்கின் காரம் தொண்டையில் இறங்க, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மிடறாகக் குடித்தேன். மணி பன்னிரண்டு நாற்பது ஆனது. குண்டுகளை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கத் தொடங்கினேன்.

வணக்கம்.