படியைச் சீவினா யார் விழுவாங்க?

[காட்சி: சாலையைக் கடக்கிற இடம். நடைபாதை ஓரம் சரிவா இறங்குது.]

இந்தச் சரிவைப் பாருங்க. முன்னாடி இங்கே படி இருந்துச்சு, அதைச் சீவித்தான் சரிவாக்கியிருக்காங்க. சக்கர நாற்காலியில வர்றவர் யார் கையையும் எதிர்பார்க்காம இறங்கிடுவார்.

இப்போ வெள்ளைக் கோலோட வர்றவரைப் பாருங்க. நடைபாதை முடிஞ்சிடுச்சுன்னு அவருக்குச் சொன்னதே அந்தப் படிதான். கோல் 'டக்'குனு கீழே இறங்கினா நிக்கணும். படியைச் சீவி வழவழன்னு ஆக்கிட்டதால, அவர் தனக்கே தெரியாம வண்டிகளுக்கு நடுவுல போய் நிக்கலாம்.

'மாற்றுத்திறனாளிகள்'னு ஒரே சொல்லுல எல்லாரையும் அடக்கிடுறோம். அந்தச் சொல்லுக்குள்ள இருக்கிறவங்களோட தேவைகள் சில நேரம் நேருக்கு நேர் மோதும்.

[காட்சி: மஞ்சள் புடைப்புக் கற்கள், மிக அருகில்.]

பார்வையற்றவங்க காலாலயும் கோலாலயும் உணர்ந்து வழி தெரிஞ்சுக்க, ஜப்பான்ல செய்இச்சி மியாகேங்கிறவர் 1965-ல உருவாக்கின கல் இது. 1967-ல ஒகயாமாவுல, பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துல முதல் தடவையா பதிச்சாங்க. இன்னிக்குப் பல நாடுகள்ல இதுதான் பாஷை: நீளக் கோடுன்னா நேரா நடக்கலாம், வட்டப் புள்ளின்னா நிக்கணும். மஞ்சள் நிறம், குறைபார்வை உள்ளவங்க கண்ணுல படுறதுக்காக. தரையோட நிறத்துலயே பதிச்சு 'அழகா' ஆக்குறவங்க இதை யோசிக்கிறதே இல்ல.

ஆனா அதே புடைப்பு சக்கர நாற்காலியைக் குலுக்கும். ஊன்றுகோலோட நடக்கிறவருக்குக் கால் தட்டும். அதனால எங்கே, எவ்வளவு அகலத்துக்குப் பதிக்கிறதுன்னு இவங்க எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். கல் பதிச்சதுக்கு அப்புறம் இல்ல, முன்னாடி.

[காட்சி: கைபேசித் திரை மேல ஒரு விரல்.]

கைபேசியிலயும் இதே கதைதான். பட்டன் இருந்தவரைக்கும் தடவிப் பார்த்து அழுத்தலாம். வெறும் கண்ணாடியில எதைத் தடவுறது? 2009-ல ஐபோன்ல வாய்ஸ்ஓவர்ங்கிற குரல் வசதி வந்துச்சு. விரல் பட்ட இடத்துல என்ன இருக்குன்னு அது வாசிக்கும், ரெண்டு தட்டு தட்டினா திறக்கும். விரல் நடுங்குறவருக்கு அந்த ரெண்டு தட்டே பெரும்பாடு. சரி, பேசியே இயக்கலாமேன்னா, குழறிப் பேசுறவரோட குரல் அதுக்குப் பிடிபடாமப் போகலாம். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவருக்கு, புள்ளிகள் எழும்பி இறங்குற பிரெயில் கருவியை இணைக்க வழி இருக்கணும்.

எல்லாருக்கும் பொருந்துற ஒரே வடிவத்தைத் தேடினா கிடைக்காது. ஒரே வேலைக்குப் பல வாசல் வச்சிட்டா, அவங்கவங்க வாசல் வழியா வருவாங்க.

[காட்சி: வெள்ளை நிறக் கேம் கன்ட்ரோலர், அதோட பின்பக்கம்.]

எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், 2018. வழக்கமான கன்ட்ரோலரைப் பிடிச்சு இயக்க முடியாதவங்களும் வீடியோ கேம் ஆட மைக்ரோசாஃப்ட் செஞ்சது. மேல ரெண்டு பெரிய பட்டன். பின்னாடி வரிசையா 19 துளை, எல்லாம் சாதாரண 3.5 மி.மீ. ஜாக். கால் மிதியோ, முழங்கையால தட்டுற பட்டனோ, யாருக்கு எது தோதோ அதைச் சொருகிக்கலாம். உங்க உடம்பு எப்படி அசையும்னு கருவி முன்கூட்டியே முடிவு பண்றதில்ல.

அது வந்த அட்டைப்பெட்டியையும் பாருங்க. பல்லால கடிச்சுக் கிழிக்க வேண்டாம். விரலையோ கையையோ மாட்டி இழுக்க அங்கங்கே வளையம் வச்சிருக்காங்க.