காகிதம் எங்கே?

(ஊத்துக்கோட்டையில், கொத்தடிமை முறை ஒழிப்பு நாள் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, அலுவலக வேலையை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, பந்தலும் மைக் செட்டும் இனாமாகத் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

சட்டம், பணம், பிள்ளைகள் படிப்பு என்று மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சட்டத்துக்குக் குறைவே இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடனை அடியோடு ரத்து செய்துவிட்டது. அதை வசூலிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆள் கடத்தலுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவில் குறைந்தது 7 ஆண்டு. ‘அவங்களாத்தான் வண்டி ஏறினாங்க’ என்று ஆள் பிடித்துக் கொண்டுபோன மேஸ்திரி தப்ப முடியாது. சம்மதம் கணக்கிலேயே வராது. ஆனால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே!

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு சூளை. நம்ம பக்கத்து இருளர் அம்மா ஒருவர் 15,000 ரூபாய் அட்வான்ஸுக்கு நாலு வருஷம் கல் அறுத்தார். கணக்கு நோட்டு தெலுங்கில். அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஒருநாள் அதிகாரிகள் வந்து மீட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாளே மேஸ்திரி பைக்கில் வந்து, ‘பாக்கி என்னாச்சு?’ என்கிறான். அந்த அம்மா அசரவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை நீட்டினார்: ‘கவர்மென்ட்டே விட்டுட்டாங்க, பாத்துக்க!’ அது என்ன தெரியுமா? பஸ் டிக்கெட்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கையில் வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு பட்டு ஊர்ப் பெயர்கூட அழிந்திருந்தது.

அந்தப் பையில் இருந்திருக்க வேண்டியது, கொத்தடிமையிலிருந்து மீட்டதாக அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி, பிறகு 1 முதல் 3 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை. அங்கே கேட்டால் ‘உங்க ஊர்ல வாங்கு’, இங்கே கேட்டால் ‘மீட்ட இடத்துல வாங்கு.’ சாமி ஒன்று, பூசாரி இரண்டு!

நாங்கள் கேட்பது இதுதான்: பஸ் ஏற்றுவதற்கு முன்பே சான்றிதழ் கைக்கு வரவேண்டும். வழக்கென்றால் பயப்பட வேண்டாம், கடத்தப்பட்டவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளைகள் படிப்பு பாக்கி. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி. வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம்.